விதி ஏழு: சாட்டுச் சொல்லக் கூடாது

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பால்கனிக் கயிற்றில் துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. பெட்ஷீட்டில் நாய் மணம். வீட்டில் நாய் இல்லை.

செய்ய வேண்டியவை:
– காஸ் சிலிண்டருக்குச் சொல்ல
– கு.வின் சப்பாத்து ஒட்டக் கொடுக்க
– பல் டொக்டர் (என்னுடையது, தள்ளிப்போடலாம்)
– சனி லீக் விதிப்புத்தகம், அடுத்த சீசனுக்குத் திருத்த

கு. என்றால் குகன். பெயரை முழுக்க எழுதினால் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கட்டின மனிசனிடமிருந்து ஒரு நாட்குறிப்புக் கொப்பியையாவது ஒளிக்க வேண்டாமா.

விதிப்புத்தகம் ஆறு பக்கம். பதினாலு ஓட்டுநர். சனி பின்னேரம் ஐந்து மணிக்கு அவரவர் வீட்டில் ஸ்டீயரிங்கை மேசையில் பூட்டி, கொம்பியூட்டர் திரையில் ரேஸ் ஓடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசை. நான் ஓடுவதில்லை. நான் நடுவர். காப்புறுதி ஒபிஸில் வாகன கிளெய்ம் பார்க்கிறவள் என்று நாலு வருஷத்துக்கு முன் எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். கிழமை நாளில் உண்மையான கார் இடிபட்டதைப் பார்க்கிறேன், சனியில் இல்லாத கார் இடிபட்டதை. இல்லாத கார்க்காரர்தான் கூடச் சண்டை பிடிக்கிறார்கள்.

மாற்றாமல் விடக்கூடியவை:

விதி 1. முதல் சுற்றில் மைக் மூடியிருக்க வேண்டும். (பதினாலு ஆம்பிளைகள் மூச்சு வாங்குகிற சத்தம். கேட்க ஏலாது.)
விதி 3. இடித்தவர் நின்று, இடிபட்டவர் எழும்பிப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.
விதி 5. முறைப்பாடு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிறகுதான். கொதி ஆறட்டும். (கு. ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு அனுப்பினார், பல் தீட்டாமல்.)
விதி 7. பிழை செய்தவர் போன் குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாட்டுச் சொல்லக் கூடாது.
விதி 11. வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டால் காரை ஓரம் கட்டிவிட்டுப் போகலாம். தண்டனை இல்லை.

ஏழாவது நான் சேர்த்தது. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருபது வருஷம் சாட்டும் சாக்குப்போக்கும் கேட்டே காது புளித்தவள். மாடு வந்தது, வெயில் கண்ணில் பட்டது, மாமியார் பின் சீட்டிலிருந்து கத்தினா.

இரவுச் சாப்பாட்டில் கு. சாப்பிடுகிறார் என்று பேர். புட்டை மலை மாதிரிக் குவித்து, பிறகு பரப்பி, பிறகு குவித்து. ஜெரோம் விஷயத்துக்குப் பிறகு பத்து நாளாக இதே கதைதான்.

நவம்பர் 5, புதன். போயா லீவு, பௌர்ணமி

மழை இல்லை. துணி காய்ந்தது. அதை எழுதி வைத்துவிட்டு மற்றதுக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றது நல்லதில்லை.

ஜெ., அதாவது ஜெரோம், கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கு.வை விட ஆறு வயது இளமை. கொரோனா ஊரடங்கில் லீக்கில் சேர்ந்தான். ஒரு வருஷம் கு.வும் அவனும் முகம் தெரியாமலே பக்கத்துப் பக்கத்தில் கார் ஓட்டினார்கள். முதன்முதல் நேரில் கண்டது பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வாசலில். கு. வீட்டுக்கு வந்து, “அவன் இவ்வளவு கட்டையா இருப்பான் எண்டு நான் நினைக்கேல்ல” என்றார், ஏதோ பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு ஜெ.யும் அவன் மனிசி டிலானியும் கொச்சிக்கடை வேதக் கோயிலில் பூசை முடித்து நேரே இங்கே சாப்பாட்டுக்கு. ஜெ. என்னை அக்கா என்பான். என் கத்தரிக்காய்ப் பால்கறிக்கு இரண்டாம் தரம் தட்டை நீட்டுகிற ஒரே பிறவி.

ஒக்டோபர் 25 ரேஸில் ஐந்தாம் வளைவில் கு.வின் பின் சில்லில் ஜெ. இடித்தான். கு. சுழன்று சுவரில். முதலாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடம். முறைப்பாடு வந்தது. நான் நம் வீட்டுக் கொம்பியூட்டரில் ரீப்ளே போட்டு, மெதுவாக மூன்று தரம் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை, பச்சையாக இடித்திருந்தான். ஜெ.யைக் கடைசி இடத்துக்கு இறக்கினேன், குழுவில் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கு.வுக்கே இரண்டு தரம் தண்டனை கொடுத்தவள் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜெ. முதலில் எழுதினது: “என் ஸ்க்ரீன்ல நல்ல இடைவெளி இருந்துச்சு. ஆனாலும் அண்ணாவோட ரேஸ் கெட்டுப் போச்சு. மன்னிச்சிடுங்க.”

நான் கீழே போட்டது: விதி 7. சாட்டு இருக்கிறது. திருத்தி எழுதவும்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு: “நான் இடிச்சேன். என் பிழை. மன்னிச்சிடுங்க.”

அதற்குக் கீழே நிறைய இதயம். நானும் ஒன்று போட்டேன்.

அடுத்த சனி ஜெ. ஓட வரவில்லை. குழுவை விட்டுப் போகவுமில்லை, பேசவுமில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தண்டனை தாங்க ஏலாதவன் ஏன் விளையாட வருகிறான் என்று கு.விடம் சொன்னேன். கு. எழும்பிப் போய்விட்டார்.

இன்றைக்கு லீக் ஃபோல்டர் நிரம்பிவிட்டது என்று மெசேஜ். ஒவ்வொரு ரேஸும் முடிய எல்லாரும் தங்கள் ரீப்ளேயை அங்கே போட வேண்டும், அதுவும் விதி. பழையதை அழிக்க உட்கார்ந்தேன். 25ஆம் திகதிக் கோப்பில் ஜெ.யின் ரீப்ளே. அழிக்க முன் சும்மா திறந்தேன்.

அவன் இடிக்கவில்லை.

அவன் திரையில் கு.வின் கார் ஒரு கார் நீளம் முன்னால் போகிறது. இவன் பிரேக் பிடிக்கிறான். திடீரென்று, ஒருவரும் தொடாமல், கு.வின் கார் தானாகச் சுழன்று சுவருக்குப் போகிறது.

திரும்ப நம் வீட்டு ரீப்ளே. இடிக்கிறான். திரும்ப அவனுடையது. இடைவெளி. ஆறு தரம் மாற்றி மாற்றி.

அன்றைக்கு அடைமழை. ஜெ.யின் இன்டர்நெட் லைன் அறுந்து, போனிலிருந்து இணைப்பு எடுத்து ஓடினான், அதைக்கூட ரேஸுக்கு முன்னமே குழுவில் எழுதியிருந்தான். இணைப்பு மெதுவாக இருந்தால் ஒருவன் பிரேக் பிடித்தது மற்றவன் திரைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும், அதுவரை அங்கே கார் ஓடிக்கொண்டே இருக்கும். கு. வீட்டில் ஒன்று நடக்க, ஜெ. வீட்டில் இன்னொன்று. இரண்டும் நடந்ததுதான்.

இன்னும் இருக்கிறது. நான் இடித்த இடத்தோடு ரீப்ளேயை நிறுத்திவிட்டேன், அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை. இன்று பார்த்தேன். கு. சுவரில் கிடக்க, ஜெ. காரை ஓரம் கட்டிக் காத்து நிற்கிறான். நாலு பேர் அவனைத் தாண்டிப் போகிறார்கள். கு. எழும்பிப் போன பிறகுதான் நகர்கிறான்.

தான் இடிக்கவில்லை என்று தெரிந்தவன் எதற்கு நின்றான்? கு. விழுந்தபடியால் நின்றான். வேறென்ன.

நவம்பர் 6, வியாழன்

ஒபிஸ். காலி வீதியில் வானுக்கும் ஓட்டோவுக்கும் உரசல். வான்காரர் ஒரு கதை, ஓட்டோக்காரர் இன்னொரு கதை. வழக்கம்போல ஒருவர் பொய். என் வேலையே அதுதான், பொய் சொல்கிறவரைப் பிடிப்பது. இரண்டு பேரும் உண்மை சொன்ன கேஸ் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. லீக்கில் கண்டபோது எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

பின்னேரம் கு.வை மேசையில் உட்கார்த்தி இரண்டு ரீப்ளேயும் போட்டுக் காட்டினேன். ஜெ. காத்து நிற்கிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப நான் பொய் சொல்லேல்லத்தானே?”

“இல்லை.”

“அவனும் சொல்லேல்ல.”

“இல்லை.”

“பிறகு யாரில பிழை?”

“என்னில.”

என்னைச் சமாதானப்படுத்துவார் என்று பார்த்தேன். போனை எடுத்து ஒரு மெசேஜைக் காட்டினார். 25ஆம் திகதி பின்னேரமே, கொதி ஆற முன், ஜெ.க்குத் தனியாக அனுப்பினது. “கள்ளனோட எனக்கு இனி ஓட்டம் இல்லை.” வாசித்துவிட்டான் என்பதற்கு அடையாளம். பதில் இல்லை.

பன்னிரண்டு நாள். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்குச் சொல்லவில்லை. ஜெ.யும் என்னிடம் முறையிடவில்லை. அந்த ஒரு மெசேஜுக்கே கு.வை மூன்று ரேஸ் நிறுத்தியிருக்கலாம். விதி 9, தனிப்பட்ட ஏச்சு.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். அவன் பக்கத்தில் அழிந்தாலும் மனதில் அழியாதே என்றார். இந்த மனிசனை என்ன செய்வது. ஏசவும் வருகுது, கட்டிப்பிடிக்கவும் வருகுது. முதலில் ஏசினேன்.

நவம்பர் 7, வெள்ளி

காஸ் வந்தது. சப்பாத்து ஒட்டியாயிற்று. பல் வலி இடது பக்கம்.

கு. இரண்டு தரம் ஜெ.க்குக் கோல் எடுத்தார். எடுக்கவில்லை. “ஷிஃப்டில நிப்பான்” என்றார், நான் கேட்காமலே.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று ரேஸ் இல்லை, லீக் ஓய்வு. கடைசி ரேஸ் வருகிற சனி. ஜெ. வராவிட்டால் இந்த சீசனில் மட்டுமல்ல, இனி வரவே மாட்டான். எனக்கு அவனைத் தெரியும். சத்தம் போடாமல் போய்விடுகிற ரகம்.

கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கு. மூன்று சேர்ட் மாற்றினார். ஓட்டோக்காரர் வழி முழுக்கச் சிங்களத்தில் கிரிக்கெட். கு. எல்லாவற்றுக்கும் “ஓவ், ஓவ்” என்று ஆமாம் போட்டார். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜெ. வீட்டில் இல்லை, ஞாயிறு ஷிஃப்ட். டிலானி கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் யோசித்து, பிறகு உள்ளே விட்டாள். பிளேன்டீ, கேக். அவளுடைய தையல் மெஷின் மேசையில்தான் ஜெ. ஸ்டீயரிங் பூட்டுவான், பழைய வான் சீட் ஒன்றைக் கதிரையாக்கி வைத்து. இன்று அந்த மேசையில் துணி அடுக்கியிருந்தது. ஸ்டீயரிங் பெட்டிக்குள்ளே போய் அலுமாரிக்கு மேலே.

கு. அதைப் பார்த்தவர் பிறகு கேக்கைத் தொடவில்லை.

ஏன் எடுத்து வைத்தான் என்று கேட்டேன். கை வலி என்று சொல்கிறானாம். கிரேன் பிடிக்கிற கைக்கு வலியா என்று டிலானியே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்:

“அன்னைக்கி அந்த ரெண்டாவது மன்னிப்ப எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தாரு அக்கா. பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டாரு. செய்யாத பாவம்ல, சொல்றதுக்கு வார்த்தை வரல.”

பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்வது. ஜெ. அதில் சுத்தமான ஆள், மாதம் தவறாது. அந்த மனிசனைப் பொய்ப் பாவம் சொல்ல வைத்துவிட்டு, கீழே இதயமும் போட்டவள் நான்.

டிலானியிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என்னிடம் கேட்காதீங்க, அவர் கேட்டது பதினாலு பேருக்கு முன்னால என்றாள். குரலில் கோபம் இல்லை. இன்னொரு துண்டு கேக் வைத்தாள். நியாயம்.

திரும்பி வரும்போது கு. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஓட்டோவில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீடு வரைக்கும். கல்யாணம் முடித்த புதிதில் கூட இது நடக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஒபிஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழுவுக்கு எழுதினேன். கவனமாக, பந்தி பிரித்து. இரண்டு ரீப்ளேயும் எப்படி மாறின, மழை, போன் இணைப்பு, அந்தக் கிழமை எனக்கு வேலை கூட, வழக்கமாக ஒரு ரீப்ளேயே போதுமாக இருந்தது, யாராக இருந்தாலும் இப்படித்தான் தீர்த்திருப்பார்கள், இருந்தாலும் ஜெரோமிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வாசித்துப் பார்த்தேன். நல்ல கடிதம். அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் சாப்பாட்டை முடித்தேன். பிறகு ஜெ., இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக:

“அக்கா, விதி 7. சாட்டு இருக்கு. திருத்தி எழுதுங்க.”

முகம் சூடேறிவிட்டது. பக்கத்து மேசை நிரஞ்சனா, “என்ன, பல்லா?” என்றாள். ஓம் என்றேன்.

இரண்டாவது தரம் எழுதக் கஷ்டமாக இருந்தது. மழையை வெட்டினேன். வேலையை வெட்டினேன். யாராக இருந்தாலும் என்பதை வெட்டக் கை வரவில்லை, பிறகு அதையும் வெட்டினேன். மிஞ்சினது:

“ஜெரோம் இடிக்கவில்லை. அவன் அனுப்பின ரீப்ளேயை நான் திறந்தே பார்க்கவில்லை. பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன், அவன் சொன்ன உண்மையைச் சாட்டு என்றேன். என் பிழை. என்னை மன்னித்துக்கொள், ஜெரோம். தண்டனை ரத்து, புள்ளி திரும்ப அவனுக்கு.”

ஜெ. ஒரு பெருவிரல் போட்டான். இதயம் இல்லை, பெருவிரல். சனிக்கிழமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சீசன் கப்புக்கான புள்ளிப் பட்டியலைத் திருத்தினேன். கு. முதலாவது, ஜெ. நாலு புள்ளி பின்னால். கு.விடம் சொன்னேன். அப்படியா என்றார். நாலு வருஷமாக அந்தக் கப்புக்காக அலைகிறவர்.

நவம்பர் 12, புதன்

பல் டொக்டர். வேர் வரைக்கும் போய்விட்டதாம். தள்ளிப்போட்டதற்கு ஏச்சு வாங்கினேன். நான் சாட்டுச் சொல்லவில்லை.

விதிப்புத்தகம் முடித்தேன். மாற்றம் இரண்டு.

விதி 6. நடுவர் இருவருடைய ரீப்ளேயையும், முழுதாக, இடித்த பிறகும் பார்க்க வேண்டும்.
விதி 7. பிழை செய்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். காரணம் இருந்தால் சொல்லலாம். நடுவர் அதை வாசிக்க வேண்டும்.

கு. ஜெ.க்கு மன்னிப்பு மெசேஜ் அனுப்புவது பாக்கி. எனக்காக ஒன்று எழுதித் தா, நீ வடிவாக எழுதுவாய் என்று பின்னால் திரிந்தார். மாட்டேன் என்றேன். கள்ளன் என்று எழுத என்னிடம் கேட்கவில்லையே.

விதி 9க்குத் தண்டனையும் அவர் தலையில் இருக்கிறது. ஆனால் ஜெ. முறையிட்டால்தான் எடுக்க முடியும். கு.வே தன்னைப் பற்றி முறைப்பாடு ஒன்று அனுப்பியிருந்தார், காலை ஆறு ஒன்றுக்கு. இடிபட்டவர்தான் அனுப்பலாம் என்று திருப்பிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

மழை திரும்பவும். கு. ஒபிஸ் முடிந்து வீட்டுக்கு வரவில்லை. ஆறு மணி, ஏழு மணி. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஏழே முக்காலுக்கு நனைந்து கோழி மாதிரி வந்து நின்றார். கொச்சிக்கடைக்குப் போனாராம். ஷிஃப்ட் முடிந்து ஜெ. வருகிற வழியில், கோயிலுக்கு முன்னால் நின்றிருக்கிறார், குடை இல்லாமல், ஒன்றரை மணித்தியாலம்.

துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

“என்ன கதைச்சனீங்கள்?”

“ஒண்டும் கதைக்கேல்ல. கடையில பிளேன்டீ குடிச்சம்.”

“மன்னிப்புக் கேட்டனீங்களா?”

“மெசேஜைக் காட்டினன். நீயே அழி எண்டு போனை அவனிட்டக் குடுத்தன். பார்த்திட்டு, அழிக்காமல் திருப்பித் தந்திட்டான். வடையும் அவன்தான் வாங்கித் தந்தவன்.”

“நாளைக்கு வருவானோ?”

“கேக்கேல்ல.”

ஒன்றரை மணித்தியாலம் மழையில் நின்ற மனிசன் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் வந்திருக்கிறார். ஆம்பிளைகள். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்தார். புட்டைக் குவிக்கவில்லை, சாப்பிட்டார்.

நவம்பர் 15, சனி

காலையில் வெயில். மூன்று மணிக்கே கு. ஸ்டீயரிங்கைப் பூட்டிவிட்டார். நான் குக்கரை மூன்று விசிலோடு இறக்கி, லப்டொப்போடு கட்டிலில். சனி பின்னேரம் அது நடுவர் அறை.

4.40. பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன. ஒன்பது பேர். பதினொன்று. பதின்மூன்று. ஜெ. இல்லை.

4.52. இல்லை. கு. கைகளைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். இங்கிருந்தே தெரிகிறது.

4.57. டிலானியிடமிருந்து எனக்கு மெசேஜ்: “அக்கா ரெண்டு நிமிஷம் பொறுங்க. என் துணியெல்லாம் கட்டில்ல தூக்கிப் போட்டுட்டு பூட்டுறாரு.”

நான் நடுவர். ரேஸைப் பிந்த வைக்க ஒரு விதியிலும் எனக்கு அதிகாரம் இல்லை. தொழில்நுட்பக் காரணம் என்று போட்டு ஐந்து நிமிஷம் பிந்த வைத்தேன். ஒருவரும் என்ன காரணம் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

5.03. பதினாலு.

ஓட்டம் நாற்பது நிமிஷம். பன்னிரண்டாம் சுற்றில் ஐந்தாம் வளைவுக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள். அதே வளைவு. கு. உள்ளே, ஜெ. வெளியே. இரண்டு பேரும் வழக்கத்தை விட முன்னாலேயே பிரேக் பிடித்தார்கள், ஒருவனுக்கு ஒருவன் இடம் விட்டு. அந்த இடத்தால் மூன்றாவதாக வந்தவன் இரண்டு பேரையும் தாண்டிப் போய்விட்டான். வெல்ல வந்தவர்கள் ஓடுகிற ஓட்டமில்லை அது. நான் அழுதுவிட்டேன் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜெ. இரண்டாவது. கு. ஐந்தாவது.

இப்போது 7.10. நாளைக் காலை முறைப்பாடு ஒன்றும் வரப் போவதில்லை. இருந்தாலும் ஐந்தாம் வளைவை கு.வின் ரீப்ளேயில் பார்த்தேன், பிறகு ஜெ.யினுடையதில். இரண்டிலும் இடைவெளி இருந்தது.

கு. பால்கனியில் போனில். ஒரு மணித்தியாலமாக. ரௌட்டரை யன்னல் கம்பியில் கட்டாதே, அலுமாரிக்கு மேலே வை, இப்போ அங்கே இடம் இருக்குத்தானே என்கிறார். இங்கிருந்தே அங்கே ஜெ. சிரிக்கிறது கேட்கிறது. நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியாயிற்றாம், என்னைக் கேட்காமல். கத்தரிக்காய் வாங்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தேன், இரண்டு தரம். கப் ஜெ.க்கு, ஒரு புள்ளியால். இரண்டு பேரும் இன்னும் கேட்கவில்லை.